1846 என்ற எல்லைக்கோட்டை நகர்த்துங்கள்: கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாண அரசுக்கு ஒரு திறந்த மடல்

மரபுரிமைப் பாதுகாப்புச் சட்டத்துக்கும் சுரங்க உரிமைகளுக்கும் பொறுப்பான மாண்புமிகு அமைச்சர்களுக்கு,

வணக்கம்.

ஃபிரேசர் ஆற்றின் மேட்டுப்படுகை ஒன்றில், கையால் அடுக்கிய கல்வரிசைகளை எக்ஸ்கவேட்டர் ஒன்று கடந்த கோடையில் வாரிக் குவித்துவிட்டது. ஆளுயரத்துக்கு எழும்பி, ஆற்றை நோக்கி ஒன்றுக்கொன்று இணையாக ஓடிய வரிசைகள் அவை. தங்கம் அலசியவர்கள் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் அடுக்கியவை. முறையிட்டவர்களுக்குக் கிடைத்த பதில் இரண்டே வரி: அந்த இடம் 1846-க்குப் பிற்பட்டது, ஆகவே சட்டத்தின் தானியங்கிப் பாதுகாப்பு அதற்கு இல்லை, தோண்டியவரிடம் உரிய அனுமதி இருக்கிறது. அந்தப் பதிலில் சட்டப்படி ஒரு பிழையும் இல்லை. அதனால்தான் பதில் எழுதியவரை விட்டுவிட்டுச் சட்டத்தை வைத்திருக்கும் உங்களுக்கு எழுதுகிறோம்.

1846 எங்கிருந்து வந்தது என்பது உங்களுக்குத் தெரியும். பிரிட்டனும் அமெரிக்காவும் ஒரிகன் உடன்படிக்கையில் கையெழுத்திட்டு 49-ஆம் அகலக்கோட்டை எல்லையாக்கிய ஆண்டு அது. அதற்கு முன் மனிதர் வாழ்ந்த, புழங்கிய தடயம் எங்கிருந்தாலும், யார் கண்ணிலும் படாமல் மண்ணுக்குள் கிடந்தாலும், சட்டம் அதைத் தானாகவே காக்கிறது. அனுமதியின்றிக் கை வைக்கும் தனிநபருக்கு 50,000 டாலர் வரை அபராதம், இரண்டு ஆண்டு வரை சிறை. நிறுவனத்துக்குப் பத்து லட்சம் டாலர் வரை. நல்ல சட்டம். ஆனால் ஃபிரேசரில் தங்கம் தேடிக் கூட்டம் இறங்கியது 1858-இல். அந்தக் கூட்டத்தைக் கண்டு பதறித்தான் அதே ஆண்டு நவம்பர் 19 அன்று லாங்லி கோட்டையில் இந்தக் குடியேற்ற நாடே அறிவிக்கப்பட்டது. மாகாணம் பிறக்கக் காரணமான நிகழ்வின் தடயங்கள் முழுவதும், பன்னிரண்டே ஆண்டு பிந்திவிட்டன என்பதால், சட்டத்துக்கு வெளியே கிடக்கின்றன. அமைச்சரவை தனியே அறிவித்துக் காத்த இடங்களும் புதைகுழிகளும் மட்டும் விதிவிலக்கு.

நாங்கள் கேட்பது ஒன்றுதான். இந்த 1846-ஐ நகர்த்துங்கள். கைவிடப்பட்டு நூறு ஆண்டைக் கடந்த சுரங்க எச்சங்களையும் ஊர்மனைகளையும் தானியங்கிப் பாதுகாப்புக்குள் கொண்டுவாருங்கள்.

கல்வரிசை போனால் என்ன போய்விடும் என்று உங்கள் அலுவலர்களில் சிலர் நினைக்கலாம். அதற்கு அந்த வரிசை எப்படி எழுந்தது என்று பார்க்க வேண்டும். படுகை ஆற்றைவிட உயரத்தில் இருப்பதால் தண்ணீரைப் பக்கத்து ஓடையிலிருந்து வாய்க்கால் வெட்டிக் கொண்டுவந்தார்கள். மலைச்சரிவை ஒட்டி வளைந்து வரும் அந்த வாய்க்கால் நூறு அடிக்கு இரண்டு முதல் நான்கு அங்குலம்தான் இறங்கும். கூடுதலாக இறக்கினால் தண்ணீர் கரையை அறுக்கும். குறைத்தால் வண்டல் படிந்து வாய்க்கால் தூர்ந்துவிடும். படுகையின் விளிம்புக்கு வந்த நீரைக் கீழே பாயவிட்டு, மண்ணையும் சரளையையும் கரைத்துத் தரையில் வெட்டிய ஓடுகாலுக்குள் தள்ளினார்கள். தங்கம் கனமானது, அடியில் தங்கும். சிறுகல் நீரோடு போகும். தலையளவுக்கு மேற்பட்ட கல் மட்டும் போகாமல் ஓடுகாலை அடைக்கும். அதை ஒவ்வொன்றாகக் கையால் தூக்கி, ஓடுகாலின் இருபுறமும் சுவர்போல அடுக்கினார்கள். பெரிய கல் அடியில், தட்டையான முகம் வெளியே. சுவர் சரிந்தால் ஓடுகால் மூடிப்போகும் என்பதால் அடுக்கில் கவனம் இருந்தது. வெட்டுமுகம் பின்வாங்கப் பின்வாங்க, சுவரும் அதன் பின்னே நீண்டது. ஓர் ஓடுகால் தீர்ந்ததும் பக்கத்தில் அடுத்தது.

ஆகவே தெரிந்தவர் ஒருவர் அந்த வரிசைகள் நடுவே நடந்தால், தண்ணீர் எந்தப் பக்கம் வந்தது, எங்கே வடிந்தது, வேலை எந்த முனையில் தொடங்கி எங்கே நின்றது, எத்தனை குழுக்கள் பக்கம் பக்கமாக உழைத்தன என்பதையெல்லாம் படித்துவிடலாம். இப்படி அடுக்கியவர்களில் பெரும்பங்கினர் சீனர்கள். அவர்கள் எழுதி வைத்த ஏடுகள் நமக்குக் கிடைத்திருப்பது மிகக் குறைவு. ஆக, அவர்கள் வேலையைப் பற்றிய முதன்மைச் சான்று இந்தக் கல்தான், அதிலும் கல் இருக்கும் வரிசைதான். எக்ஸ்கவேட்டர் வாரி, டிராமல் எனும் உருளைச் சல்லடையில் கொட்டி, பெருங்கல்லை ஒதுக்கிக் குவித்தால் கல் ஒன்றுகூடக் குறையாது. சான்று முழுவதும் போய்விடும்.

இதில் எங்களை மிகவும் வருத்துவது இன்னொன்று. பணி முடிந்ததும் நிலத்தைச் சமன் செய்து, புல் விதைத்து, சீரமைத்துக் காட்டினால்தான் சுரங்கக்காரர் கட்டிய பிணைத்தொகை திரும்பக் கிடைக்கும். சுற்றுச்சூழலுக்காக வைத்த நல்ல விதி இது. ஆனால் பழைய கல்வரிசைக்கு என்று எந்தத் தகுதியும் இல்லாத நிலத்தில், அதே விதி மிச்சமிருக்கும் வரிசையையும் நிரவிவிடச் சொல்கிறது. அரசின் ஒரு கை காக்காமல் விட்டதை அரசின் இன்னொரு கை அழிக்கச் சொல்கிறது.

அன்று தங்கம் அலசி ஒதுக்கிய பழைய கழிவை இப்போது ஏன் தோண்டுகிறார்கள் என்பதும் தெரிந்ததே. நீரோடு மண்ணை ஓடவிட்டுத் தங்கத்தைப் பிரிக்கும் அந்தக் காலத்து ஸ்லூஸ் பெட்டியின் தடுப்புக்கட்டைகள் மாவு போன்ற நுண்தங்கத்தைப் பிடிக்கவில்லை; நிறையக் கழிவோடு போனது. 2025-இல் அவுன்ஸ் 4,000 அமெரிக்க டாலரைத் தாண்டிய பிறகு அந்த நுண்தங்கத்துக்கும் ஆள் வந்துவிட்டது. படுகைத் தங்கத்துக்கான உரிமைக் கட்டணம் ஹெக்டேருக்கு 5 டாலர். உரிமை வழங்கும் கணினி வரைபடத்தின் ஒரு கட்டம் ஏறத்தாழ 20 ஹெக்டேர், ஆக 100 டாலர் அளவில் ஒரு படுகையே கைக்கு வந்துவிடும். இயந்திரம் இறக்கத் தனி அனுமதி வேண்டும், உண்மைதான். அந்த அனுமதியை ஆராயும் அலுவலரும் 1846-ஐத்தான் பார்க்கிறார். நுண்தங்கத்தைப் பிடிக்க அன்று பாதரசம் ஊற்றினார்கள், அதில் சிந்தியது அடிப்பாறைப் பிளவுகளில் இன்னும் கிடக்கிறது. பழைய கழிவைக் கிளறினால் அது மறுபடி ஆற்றுக்குள் போகக்கூடும். மரபுரிமை பற்றிக் கவலையில்லாதவர்கள் சால்மன் மீனுக்காகவாவது இதை யோசிக்கலாம்.

ஊர்மனைகளின் கதி வேறு விதம். கரிபூ பகுதியின் பார்க்கர்வில் தப்பியது. 1862 ஆகஸ்டில் பில்லி பார்க்கர் ஐம்பது அடிக்குச் சற்றுக் கீழே தங்கம் கண்ட இடம்; 1868 செப்டம்பர் 16 அன்று எரிந்து, உடனே திரும்பக் கட்டப்பட்டது. 1858-இன் நூற்றாண்டை ஒட்டி மாகாண அரசு அதைக் கையிலெடுத்ததால் இன்று நூற்றுக்கும் மேற்பட்ட பழைய கட்டடங்களோடு நிற்கிறது. கெனெல் ஆறும் கரிபூ ஆறும் கூடும் இடத்திலுள்ள கெனெல் ஃபோர்க்ஸில் கரையோரக் கட்டடங்களை ஆறு அரித்துக் கொண்டுபோனது. எஞ்சியவற்றுக்கு முட்டுக் கொடுத்துக் கூரை போட்டவர்கள் லைக்லி ஊரின் தன்னார்வலர்கள். மரவீட்டில் முதலில் கூரை போகும், பிறகு தரையைத் தொடும் அடிமரம் உளுத்து, மூலை இறங்கி, சுவர் சாயும். அடிமரம் ஒன்றை நேரத்தோடு மாற்றினால் வீடு நிற்கும். நேரத்தோடு செய்யும் அந்த வேலைக்குத்தான் யாரிடமும் பணமும் இல்லை, பொறுப்பும் இல்லை. 1885-இல் தங்கம் கிடைத்துப் பெருகிய கிரானிட் கிரீக்கில் சில மரச்சுவர்களே மிச்சம். தங்கத்தோடு சேர்ந்து வந்த பிளாட்டினத்தைப் பயனற்றதென்று வீசியெறிந்த ஊர் அது.

லைக்லிக்குப் பக்கத்துப் புல்லியன் குழி ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் நீளம். அதை யாரும் அழித்துவிட முடியாது. அழிவதெல்லாம் சிறியவை: ஒரு கழிப்பறைக் குழி, ஒரு சாம்பல் மேடு, ஒரு நிலவறைப் பள்ளம். பழைய புட்டி தேடுபவர்கள் இவற்றைத்தான் முதலில் தோண்டுகிறார்கள். விற்கத்தக்க ஒரு புட்டிக்காக எலும்பு, விதை, உடைந்த சாடி, பொத்தான் என்று அடுக்கடுக்காகக் கிடந்ததெல்லாம் கலைந்துபோகிறது. சீனர் குடியிருப்பில் இது இன்னும் கேடு. அங்கே கிடைக்கும் துளையிட்ட செப்புக்காசுகளில் பல காங்ஷி, சியென்லோங் பேரரசர் காலத்தவை. சுரங்கம் தொடங்கும் முன்பே பழையவை. அந்தக் காசை வைத்து இடத்துக்கு வயது சொல்ல முடியாது. அது கிடந்த அடுக்கும் உடன் கிடந்த பொருளும்தான் வயது சொல்லும். காசைப் பிரித்தெடுத்துச் சட்டைப்பையில் போட்டால் கையில் எஞ்சுவது அலங்காரப் பொருள் ஒன்றே.

சீனர்களுக்கு எதிராக இயற்றிய சட்டங்களுக்காக மாகாணச் சட்டமன்றம் 2014 மே 15 அன்று மன்னிப்புக் கேட்டது. அதன் தொடர்ச்சியாகச் சீனக் கனேடியரின் வரலாற்று இடங்கள் சில முறைப்படி அங்கீகரிக்கப்பட்டன. மனமார வரவேற்கிறோம். ஆனால் அங்கீகாரம் வேறு, பாதுகாப்பு வேறு. அங்கீகாரம் ஒரு பட்டியலில் பெயரைச் சேர்க்கிறது; எக்ஸ்கவேட்டரை நிறுத்துவதில்லை. 2021 ஜூன் 30 அன்று லிட்டன் என்ற ஊர் எரிந்தபோது அங்கிருந்த சீன வரலாற்று அருங்காட்சியகமும் எரிந்தது. அலமாரியில் இருந்தவை தீயோடு போயின. நிலத்தில் இருப்பவற்றையாவது விட்டுவைக்க வேண்டாமா?

இந்தக் கோடு முதற்குடி மக்களுக்கும் அநீதிதான். ந்லகாபமுக் மக்கள் 1858-க்கு முன்பே தங்கம் எடுத்து ஹட்சன் பே வணிகக் கம்பெனிக்கு விற்றவர்கள். 1858 கோடையில் தங்கம் தேடி வந்தவர்களோடு மூண்ட போரில் உயிர்களை இழந்தவர்கள், சமாதானம் பேசி முடித்தவர்கள். 1862-இன் பெரியம்மைக்குப் பின்னும் அதே பள்ளத்தாக்கில் வாழ்ந்து தொடர்ந்தவர்கள். அவர்களுடைய தடயத்தையும் 1846-இல் முற்றுப்புள்ளி வைத்து அளப்பதை எந்த நியாயத்தாலும் தாங்கிப்பிடிக்க முடியாது.

சொல்லாமல் விட மனம் வராத ஒன்று. பிட் ஏரிக்கு மேலே காணாமற்போனதாகச் சொல்லும் ஸ்லூமாக்கின் தங்கச் சுரங்கத்துக்குக் கிடைக்கும் கவனத்தில் நூற்றில் ஒரு பங்கு இந்தக் கல்வரிசைகளுக்குக் கிடைத்ததில்லை. ஸ்லூமாக் முதியவர், கொலைக் குற்றத்துக்காக 1891 ஜனவரி 16 அன்று நியூ வெஸ்ட்மின்ஸ்டரில் தூக்கிலிடப்பட்டார். அவர் வழக்கில் தங்கம் என்ற பேச்சே இல்லை. அந்தக் கதை பின்னால் ஒட்டிக்கொண்டது. இல்லாத சுரங்கத்தைத் தேடிப் போகிறவர்கள் வழியில் இருக்கும் உண்மையான எச்சங்களைக் கிளறிப் பார்க்கிறார்கள். தங்க வேட்டைப் பாதை என்று சுற்றுலாவுக்கு விளம்பரம் செய்யும் மாகாணம், அந்தப் பாதையோரம் பயணி பார்க்க வருவதையும் காக்க வேண்டும்.

உங்கள் தயக்கமும் எங்களுக்குப் புரிகிறது. லிட்டனைத் திரும்பக் கட்டும்போது தொல்லியல் ஆய்வுக்காக மக்கள் எவ்வளவு காத்திருந்தார்கள், எவ்வளவு மனம் கசந்தார்கள் என்பதை எல்லோரும் பார்த்தோம். 1846 என்ற எல்லைக்கோட்டை நகர்த்தினால் மாகாணம் முழுக்க அந்த நிலை வரும் என்று சொல்வார்கள். வரத் தேவையில்லை. சுரங்க எச்சம் பெரும்பாலும் நிலத்துக்கு மேலே தெரிவது. வானிலிருந்து லேசர் ஒளியால் நிலத்தை அளந்து அரசே பொதுவில் வைத்திருக்கும் லைடார் தரவில் மரங்களை நீக்கிப் பார்த்தால் வாய்க்காலும் கல்வரிசையும் நிலவறைப் பள்ளமும் கோடு கோடாகத் தெரிகின்றன. அவற்றைக் குறித்து, உரிமை வழங்கும் வரைபடத்திலேயே ஓர் அடுக்காகப் போட்டுவிட்டால் விண்ணப்பிப்பவருக்கு முதல் நாளிலேயே தெரிந்துவிடும். வரிசையை விலக்கி வேலை செய்பவருக்குத் தடை ஏதும் வேண்டாம். விலக்க முடியாத இடத்தில் மட்டும் அளந்து, படமெடுத்து, வரைந்து பதிந்த பிறகு முடிவு செய்யலாம். 2025 மார்ச் 26 முதல் முதற்குடிகளோடு கலந்தாலோசித்த பிறகே உரிமை வழங்கப்படுகிறது. அந்தக் காத்திருப்புக் காலத்திலேயே இந்தச் சோதனையையும் முடித்துவிடலாம். யூகோனில் கைவிடப்பட்டு 45 ஆண்டைக் கடந்த பொருளுக்கே சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. அங்கே தங்கம் எடுப்பது நின்றுவிடவில்லை.

இன்னொரு வசதியும் உண்டு. பாதுகாக்கப்பட்ட மரபுரிமைச் சொத்தில் அனுமதியின்றி நுழையச் சுரங்க உரிமையாளருக்கு உரிமை இல்லை என்று சுரங்க உரிமைச் சட்டமே ஏற்கெனவே சொல்கிறது. ஆகவே மரபுரிமைச் சட்டத்தில் ஓர் ஆண்டை மாற்றினால் போதும், மற்றச் சட்டம் தானே அதன்படி நடக்கும்.

திருத்தம் சட்டமன்றத்துக்கு வர நாளாகும் என்றால், அதுவரை உங்களிடம் உள்ள அதிகாரத்தைப் பயன்படுத்துங்கள். மரபுரிமை மதிப்புள்ள இடத்துக்கு ஆபத்து என்று கருதினால் 120 நாள் வரை வேலையை நிறுத்திவைக்க அமைச்சருக்குச் சட்டத்தில் இடமுண்டு. படுகைத் தங்க வேலை நடப்பதோ வெப்பமான சில மாதங்கள்தான். 120 நாளில் ஒரு படுகையை முழுவதுமாக அளந்துவிடலாம். பழுதுபடாமல் எஞ்சியிருக்கும் கல்வரிசைகளையும் கெனெல் ஃபோர்க்ஸ், கிரானிட் கிரீக் போன்ற ஊர்மனைகளையும் அமைச்சரவை ஆணையால் காக்கவும் இடமுண்டு.

அடுத்த பருவத்துக்கான விண்ணப்பங்கள் குளிர்காலத்திலேயே வந்து சேரும். பனி உருகி இயந்திரங்கள் ஆற்றங்கரைக்கு இறங்கும் முன் 1846-ஐ நகர்த்தும் திருத்தத்தின் வரைவைப் பொதுமக்கள் கருத்துக்கு வெளியிடுமாறும், அதுவரை கல்வரிசை உள்ள கட்டங்களில் புதிய இயந்திர அனுமதிகளை நிறுத்திவைக்குமாறும் பணிவோடு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மேற்குக் கனடாவின் தங்க வேட்டைத் தடங்களில் அக்கறை கொண்டவர்கள்