வெந்நீரில் முக்காதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

பழைய வெள்ளிச் சாமான்களையும் மரப்பெட்டிகளையும் கூடத்தில் அடுக்கி அழகு பார்ப்பது பற்றிச் சென்ற வார இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் பிரமாதம். ஆனால், எல்லாவற்றையும் முதலில் புதுசுபோல மின்ன வைக்கச் சொல்லும் இடத்தில் எனக்குப் பகீரென்றது. அலுமினியத் தாள், சமையல் சோடா, கொதிக்கும் வெந்நீர், அதில் ஒரு முக்கு. அவ்வளவுதானாம்.

மின்னும், மறுக்கவில்லை. வெள்ளி கறுப்பதற்குக் காற்றில் உள்ள கந்தகம் காரணம். சோடாத் தண்ணீரில் அந்தக் கந்தகம் வெள்ளியை விட்டு அலுமினியத்தோடு போய்விடும். தினம் புழங்கும் தம்ளருக்கும் தட்டுக்கும் இது போதும். சித்திர வேலை உள்ள உருப்படிக்கு ஆகாது. கொடியும் அன்னமும் வெட்டிய பன்னீர்ச் செம்பில் பள்ளத்தில் கறுப்பு நிற்பதால்தான் மேடு எடுப்பாகத் தெரிகிறது. அதையும் எடுத்துவிட்டால் செம்பு வெளிறிச் சப்பென்று நிற்கும். தவிர, உள்ளே கூடாக இருக்கும் உருப்படிகளில், அவற்றைச் செய்யும் பத்தர்கள் அரக்கு அடைத்திருப்பார்கள். கொதிநீர் பட்டால் அரக்கு இளகும்.

சரி, கையால் தேய்க்கலாமே என்பீர்கள். எங்கள் பக்கம் சீர்ச் சாமானில் பேர் வெட்டிக் கொடுப்பது வழக்கம். அம்மாவின் குங்குமச் சிமிழுக்கு அடியில் எங்கள் ஐயாவின் விலாசம், அதாவது பேர் எழுத்துகள், இருந்தது. வெள்ளிக்கிழமை தவறாமல் பற்பொடி போட்டுத் தேய்த்தவள் நான்தான், முப்பது வருஷமாக. இன்று விரலால் தடவினாலும் எழுத்து தட்டுப்படவில்லை.

வீட்டில் பழைய இங்கிலீஷ் கரண்டி இருந்தால் பின்பக்கம் பாருங்கள். நடக்கிற சிங்கம் தெரிந்தால் அது ஸ்டெர்லிங், நூற்றுக்கு 92.5 பங்கு வெள்ளி. 1544 முதல் இங்கிலாந்தில் இருக்கும் முத்திரை அது. பக்கத்தில் நங்கூரம் இருந்தால் பர்மிங்காமில் சோதித்தது. தனியாக நிற்கும் ஓர் எழுத்து ஆண்டைச் சொல்லும். சென்னையில் பி. ஆர் அண்டு சன்ஸ் சாமி உருவங்களைப் புடைப்பாக வைத்துச் செய்த வெள்ளிச் சாமான்களிலும் கடையின் பெயர் இருக்கும். இந்த அடையாளமெல்லாம் தேய்ந்துபோனால் சாமான் தராசுக்குத்தான் போகும்.

பெட்டிகளுக்குக் கட்டுரையாளர் சொல்லும் உப்புத்தாளும் வார்னிஷும் இதைவிட மோசம். பித்தளைப் பூண் போட்ட எங்கள் கணக்குப்பிள்ளைப் பெட்டியை ஓர் ஆசாரியிடம் கொடுத்தேன். பளபளவென்றுதான் திரும்பி வந்தது. மூடியின் உட்புறத்தில் பிள்ளைகள் பிறந்த நாளையும் நட்சத்திரத்தையும் அப்பத்தா பென்சிலால் வரிசையாக எழுதி வைத்திருந்தார். அதையும் சேர்த்து ஆசாரி இழைத்துவிட்டார். அவரைக் குறை சொல்லி என்ன பயன்? ‘புதுசாக்கிக் கொடுங்கள்’ என்று கேட்டது நான். பர்மாவிலிருந்து வந்த மரவைப் பாத்திரங்கள் இன்னும் பாவம். மூங்கில் பின்னலின் மேல் மரப்பாலைப் பல தடவை பூசிக் காயவைத்துச் செய்த பண்டம் அது. கட்டுரையில் உள்ளபடி சோப்பில் கழுவி மொட்டைமாடி வெயிலில் காயவைத்தால் பூச்சு வெடித்துவிடும்.

நான் இப்போது செய்வது இவ்வளவுதான். பழைய பருத்தி வேட்டித் துணியால் வெள்ளியை மெதுவாகத் துடைக்கிறேன், பள்ளங்களைத் தொடுவதில்லை. துடைத்ததும் துணியிலேயே சுற்றி வைக்கிறேன். ரப்பர் பேண்டு போட்டுக் கட்டக் கூடாது, அதிலும் கந்தகம் உண்டு. போட்ட இடத்தில் கறுப்புக் கோடு விழும். செய்தித்தாளில் சுற்றுவதும் வெள்ளிக்கு ஆகாது. உங்கள் தாளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம்.

முடிந்தால் இதை அடுத்த இதழிலேயே போடுங்கள். பொங்கலுக்கு வெள்ளையடிக்கப் பரண் சாமான்கள் கீழே இறங்கும் நேரம் இது.

வாசகி,
தேவகோட்டை