ராத்திரி மட்டுமாவது தூங்க விடுங்க: சென்னை விமான நிலைய அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு வணக்கம்.

ஏர்போர்ட்ட ஒட்டி இருக்குற பொழிச்சலூர், பம்மல், கவுல்பஜார் பக்கம் நெலம எப்படின்னு உங்களுக்கு நான் புதுசா சொல்ல வேண்டியதில்ல. பகல் சத்தம் பழகிடுச்சு, எங்க தெருவுல யார் பேசினாலும் ப்ளைட் வந்தா பாதி வார்த்தைல நிறுத்திட்டு அது போனதும் விட்ட எடத்துலேர்ந்து பேசுவாங்க, சின்னப் புள்ளைங்க கூட அப்படித்தான். ராத்திரிதான் தாங்க முடியல. வெளிநாட்டு ப்ளைட்டுங்க நெறைய நடுராத்திரிக்கு மேலதான வருது போகுது. எங்கம்மாவுக்கு ப்ரெஷர். ஜன்னல் கண்ணாடி அதிர்றப்பல்லாம் எழுந்து கட்டில் ஓரத்துல நெஞ்ச புடிச்சிட்டு உக்காந்துடுறாங்க, படபடப்பு அடங்கி கண்ணு சொக்குற நேரத்துக்கு அடுத்தது வந்துடுது. டாக்டர் மாத்திரைய கூட்டிக் குடுத்துட்டு நல்லா தூங்குங்கம்மான்னு சொல்லி அனுப்புறார். எங்க சார் தூங்குறது?

உலக சுகாதார நிறுவனம் 2018ல ஐரோப்பாவுக்குப் போட்ட வழிகாட்டுதல்ல, ராத்திரி விமான இரைச்சல் சராசரியா 40 டெசிபலுக்குள்ள இருக்கணும்னு சொல்லுது. அதே வருஷம் நம்ம மத்திய அரசு பெரிய ஏர்போர்ட் பக்கத்துல ராத்திரி 65 வரைக்கும் இருக்கலாம்னு விதி போட்டுச்சு. 25 டெசிபல் கூடுனா ஒலியோட சக்தி 300 மடங்குக்கு மேல கூடும். ஐரோப்பாக்காரன் ரத்தக்குழாய் வேற, எங்கம்மா ரத்தக்குழாய் வேறயா?

நாங்க ஒரு மாடி கட்டணும்னா உயரத்துக்கு என்ஓசி, அதான் தடையில்லா சான்று, கேக்குறீங்க, ப்ளைட்டுக்கு ஆபத்துன்னு, சரி, நியாயம்தான். அந்த ப்ளைட்டால கீழ இருக்கறவனுக்கு என்ன ஆகுதுன்னு அதே அக்கறையோட அளக்க வேண்டாமா? இப்ப காஞ்சிபுரம் பக்கம் பரந்தூர்ல சென்னைக்குப் புது ஏர்போர்ட் வரப்போகுது, அங்க இருக்குற ஏகனாபுரத்து ஜனங்க 2022லேர்ந்து நிலத்துக்காகப் போராடிட்டு இருக்காங்க, அங்க வயல எடுக்குறீங்க, இங்க தூக்கத்த எடுக்குறீங்க, வளர்ச்சிக்கு வெல குடுக்கறது எப்பவும் நாங்களேதானா?

மன்னிக்கணும், கோவம் எங்கயோ கொண்டு போயிடுச்சு. ஏர்போர்ட்ட மூடச் சொல்லல, எங்க தெருவுலயே அங்க வேலைக்குப் போறவங்க இருக்காங்க. சிட்னியில ராத்திரி 11லேர்ந்து காலை 6 வரைக்கும் கட்டுப்பாடு சட்டமாவே இருக்கு. பிராங்க்பர்ட்ல 11லேர்ந்து 5 வரைக்கும் ஷெட்யூல் ப்ளைட் கிடையாது. முழுசா நிறுத்த முடியலன்னா அந்த நேரத்துக்கு ஒரு எண்ணிக்க வரம்பாவது போடுங்க, எங்க தெருக்கள்ல இரைச்சல் அளக்குற மெஷின் வச்சு அந்தக் கணக்க மாசாமாசம் எல்லாரும் பாக்குற மாதிரி வெளியிடுங்க. ராத்திரி தூக்கத்த மட்டும் திருப்பிக் குடுங்கன்னு தாழ்மையோட கேட்டுக்கறேன்.

இப்படிக்கு,
பொழிச்சலூர்வாசி ஒருத்தி