அப்பப்பாவின் கோல்ட் ஸ்டார்

அன்புள்ள தம்பி,

நாங்கள் நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறோம். வேறு வழி நீ வைக்கவில்லை. ஆவணிக்குப் பிறகு தொலைபேசி எடுக்கவில்லை. வேலை கூடவாக்கும் என்று அம்மாவுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.

எழுதுவது அப்பப்பாவின் பி.எஸ்.ஏ. கோல்ட் ஸ்டார் மோட்டார் சைக்கிள் விஷயமாக. கொழும்பிலிருந்து ஒருவர் பரந்தனுக்கு வந்து பார்த்தார். இயந்திரம் அசல் கோல்ட் ஸ்டாரின் டிபிடி34, வண்டியின் எலும்புக்கூடான சட்டம் மட்டும் பி.எஸ்.ஏ.யின் சாதாரண பி31 வண்டியுடையது என்று விலையைப் பாதியாக்கினார். எனக்கு விசர் வந்தது. அசல் சட்டத்தில் வலப்பக்கக் கீழ்க்குழாய் எண்ணெய்ப் பம்புக்கு இடம்விட்டு வளைந்திருக்கும். அவரைக் குனியவைத்து, விரலால் தடவச் சொன்னேன். வளைவு இருக்கிறது. பிறகு அவர் வாய் திறக்கவில்லை.

ஆனாலும் அது எங்கள் சட்டம்தானா? இயந்திரம் அண்ணா கிறீஸ் பூசி, உரப்பையில் சுற்றி மாமரத்தடியில் புதைத்தது. சட்டத்தை எரிந்த வண்டிக் குவியலிலிருந்து எடுத்தேன். வன்னியில் இன்னொரு கோல்ட் ஸ்டாருக்கு எங்கே போவது என்று அம்மா சிரிக்கிறார். சட்ட இலக்கத்தின் தொடக்கமான சிபி32 தெளிவாகத் தெரிகிறது. பின்னால் வரும் இலக்கங்களில் ஒன்று 3ஆ, 8ஆ என்று துரு விடவில்லை.

அங்கே பழைய மோட்டார் சைக்கிள் கழகத்திடம் பி.எஸ்.ஏ. தொழிற்சாலையின் அனுப்புகைப் பேரேடுகள் இருக்கின்றன. எந்த இயந்திரம் எந்தச் சட்டத்தோடு எங்கே போனது என்று பார்க்கலாம். நீ இருப்பதும் பேர்மிங்ஹாமில். அது பிறந்த ஸ்மால் ஹீத் உன் பக்கத்தில். கேட்டு எழுது. நேரத்துக்குச் சாப்பிடு.

நுவரெலியா மகஸ்தோட்டை மலையேற்றப் போட்டியில் ஓடிய வண்டி என்று அப்பப்பா சொன்னதற்கும் சான்று தேட வேண்டும். யுத்தத்தில் பெற்றோல் இல்லாத மண்ணெண்ணெய்க் காலத்தில் ஊரெல்லாம் ஹொண்டா எம்.டி. 90 புகை கக்கி ஓடியது. இதன் அழுத்தத்துக்கு மண்ணெண்ணெய் ஒத்துவராது. அதனால்தான் யாரும் கேட்டு வரவில்லை, கொட்டிலிலேயே நின்றது. அதில் ஏறியிருந்து சட்ட இலக்கத்தை வாய்ப்பாடு போலப் பாடமாக்கியவன் நீ. நாலாம் வகுப்பில் அப்படியொரு மூளை! எழுதிய கொப்பிதான் இல்லை.

ஞாபகம் இருந்தால் அதைச் சொல்லவாவது எடு. நடுச்சாமமானாலும் அம்மா விழித்துத்தான் இருப்பார். குளிருக்குக் காதை மூடு, நேரத்துக்குச் சாப்பிடு. நீ அறை மாறிவிட்டாய் என்று சின்னம்மா சொன்னார். நான் காரணம் கேட்கவில்லை. புது முகவரி தெரியாததால் இதையும் அவரிடமே கொடுத்தனுப்புகிறேன்.

அப்பா