யாரும் தொடாமலே டயல் செய்யும் மோடம்

ஐயா,

கீழே எங்கள் கணினியில் மோடம், அதாவது தொலைபேசி லைன் வழியாக இணையத்தோடு இணைக்கும் கருவி. மாடியில் தம்பி வீட்டுக் கணினிக்கும் அதே இணைய இணைப்புதான். விண்டோஸ் எக்ஸ்பியில் இப்படிப் பகிர்வது சுலபம். ஆனால் நடுராத்திரியில் மோடம் கீச்சிட்டுக்கொண்டு தானாகவே டயல் செய்கிறது. ஒவ்வொரு தடவையும் ஒரு உள்ளூர் அழைப்பு பில்லில் ஏறுகிறது. அந்த நேரத்தில் ஊரிலிருந்து அவசரமாகக் கூப்பிட்டால் லைன் கிடைக்காது. எனக்கு அதுதான் பெரிய கவலை.

மாடிக் கணினியின் வைரஸ் தடுப்பு மென்பொருள் அப்டேட் தேடினாலே போதும், கீழே டயல் ஆகிவிடும். இதைத் தடுக்க, மோடம் உள்ள கணினியில் டயல்-அப் (தொலைபேசி வழி) இணைப்பின் 'புராப்பர்ட்டீஸ்', அதில் 'அட்வான்ஸ்டு' பக்கத்தைத் திறக்க வேண்டும். பகிர்வுக்கான முதல் டிக்கை அப்படியே வைத்துவிட்டு, மற்ற கணினி இணையத்தைத் தேடினாலே தானாக டயல் செய்யச் சொல்லும் இரண்டாவது டிக்கை நீக்கினால் சரி. அப்புறம் நாமே டயல் செய்தால்தான் இணையும்.

வேலூர், காட்பாடி பக்கம் வீட்டுக்கு வந்து இணைப்புப் பொருத்தும் கடைக்காரர்கள் இதைக் காட்டிவிட்டுப் போக வேண்டும்.

— ஒரு வாசகி, சத்துவாச்சாரி, வேலூர்