ஒரு படம் எடுத்துக்கொள், மக்களே

நாகர்கோவில்
ஞாயிறு காலை

அன்பு மகளுக்கு,

நேற்று ராத்திரி போனில் நீ அழுததைக் கேட்ட பிறகு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்ததால் சொல்ல நினைத்ததை அப்போது சொல்ல முடியவில்லை. அதனால் எழுதுகிறேன். அவசரம் இல்லாமல் படி.

இடது பக்கம் கடைவாய்ப்பல் வலி, கன்னத்தில் வீக்கம், வயிற்றில் பிள்ளைக்கு ஐந்தாம் மாதம். ஒரு ஆர்விஜி, அதாவது பல்லுக்கு எடுக்கும் சின்ன டிஜிட்டல் எக்ஸ்ரே, எடுத்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று டாக்டரம்மா சொன்னதும் நாற்காலியிலிருந்து எழுந்து வந்துவிட்டாய். நாலு நாளாக வலி மாத்திரையில் ஓட்டிக்கொண்டிருக்கிறாய். எக்ஸ்ரே என்ற சொல்லைக் கேட்டதும் உனக்கு உடம்பு நடுங்கியதில் ஒரு தப்பும் இல்லை மக்களே. முப்பது வருசத்துக்கு மேல் அந்த மெஷினோடு குடித்தனம் நடத்திய எனக்கே அந்த நடுக்கம் வந்திருக்கிறது. வந்து என்ன ஆயிற்று என்பதைத்தான் உன்னிடம் இதுவரை சொன்னதில்லை.

1994, ஐப்பசி மாதம். விடாத மழை. நீ அம்மா வயிற்றில் ஆறு மாதம். அவளுக்கும் இதே போல ஒரு கடைவாய்ப்பல். பல் டாக்டர் ஒரு சின்ன படம் கேட்டார். நான்தான் குறுக்கே நின்றேன். "சார், நான் எக்ஸ்ரேக்காரன், இதெல்லாம் எனக்குத் தெரியும், மாசமாக இருக்கிறவளுக்குப் படம் வேண்டாம்" என்றேன். அவர் இரண்டு முறை எடுத்துச் சொன்னார். நான் கேட்கவில்லை. சரி என்று தட்டிப் பார்த்து, வலிக்கிறது என்று அம்மா காட்டிய பல்லைப் பிடுங்கினார். சீழ் வைத்திருந்தது அதற்கு அடுத்த பல்லின் வேரில். வலி எந்தப் பல்லிலிருந்து வருகிறது என்று நோயாளியால் எப்போதும் சரியாகக் காட்டிவிட முடியாது, கீழ்த்தாடை முழுக்கச் சேர்ந்து குத்தும்.

அதற்குப் பிறகு பத்து நாள் கிராம்புத் தைலத்தில் போயிற்று. பதினோராம் நாள் காலையில் அவளால் வாயைத் திறக்க முடியவில்லை. ஒரு விரல் உள்ளே போகிற அளவுக்குத்தான் இடைவெளி. கஞ்சியைக் கரண்டியில் விட்டால் வழிந்துவிடும். காய்ச்சல் 103. தாடைக்குக் கீழே வீக்கம் கல்லாக இறுகிவிட்டது. மூச்சுக்கு இடைஞ்சல் வந்துவிடுமோ என்று டாக்டர்கள் பயந்து அன்றைக்கே சேர்த்து, கீறிச் சீழை எடுத்து, ஆறு நாள் ஊசி போட்டார்கள். நீ வயிற்றில் அசைகிறாயா என்று மணிக்கொரு தடவை கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அந்த ஆறு நாளுக்கு நடுவில்தான் அந்தப் படத்தை எடுத்தார்கள். டார்க் ரூமில் நானே கழுவினேன். பல் ஃபிலிம் தீப்பெட்டி அளவுகூட இருக்காது, ஒரு மூலையில் தடவிப் பார்த்தால் கடுகுபோல ஒரு மேடு தட்டுப்படும். அந்த மேட்டை வைத்துத்தான் இடது எது வலது எது என்று நாங்கள் பார்ப்போம். கிளிப்பில் மாட்டி, ஹைப்போ என்கிற ஃபிலிம் கழுவும் திரவத்திலிருந்து எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். வேர் நுனியில் மிளகு அளவுக்கு ஒரு கறுப்பு. அவ்வளவுதான். முதல் நாளே பார்த்திருந்தால் அந்தப் பல்லோடு முடிந்திருக்கும்.

அம்மா இதை ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. நான்தான் மறக்கவில்லை.

உன்னைப் பயமுறுத்த இதை எழுதவில்லை. என் பயம் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், வாயில் ஃபிலிம் நிற்காத சின்னப் பிள்ளைகளுக்கு நானே விரலால் பிடித்துக்கொண்டு படம் எடுத்திருக்கிறேன். ஒருநாள் எங்கள் சீனியர் பார்த்துவிட்டுக் கையைத் தட்டிவிட்டார். அன்றைக்கு அவர் சொன்ன கதைதான் கெல்ஸ் கதை. அமெரிக்காவில் நியூ ஆர்லியன்ஸில் இருந்த பல் டாக்டர். ஜெர்மன் விஞ்ஞானி ராண்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தது 1895 நவம்பரில். அடுத்த வருசமே கெல்ஸ் மெஷின் வைத்துப் பல் படம் எடுக்க ஆரம்பித்துவிட்டார். குழாயைச் சரிசெய்யத் தன் கையையே கதிருக்குக் குறுக்கே நீட்டி, எலும்பு தெளிவாகத் தெரிகிறதா என்று பார்ப்பார். தினமும், வருசக்கணக்காக. புண் வந்தது, புற்று வந்தது, விரல்கள் போயின, அப்புறம் கையே போயிற்று. 1928இல் அவரும் போய்விட்டார். இதற்கெல்லாம் முன்பே, 1901இல், பாஸ்டன் பல் டாக்டர் ரோலின்ஸ் கினிப்பன்றிகளை வைத்துச் சோதித்து, இந்தக் கதிர் உயிரைக் கொல்லும், மறைப்பு வையுங்கள் என்று எழுதியிருந்தார். கேட்டவர்கள் குறைவு.

ஆகவே பயம் பொய்யில்லை. ஆனால் அளவு என்று ஒன்று இருக்கிறது. 1896இல் ஜெர்மனியில் வால்காஃப் என்ற பல் டாக்டர் தன் பல்லை முதன்முதலாகப் படம் எடுத்தபோது 25 நிமிடம் அசையாமல் கிடந்தார். இன்று உனக்கு ஒரு நொடியில் ஒரு சிறு பங்கு. ஆர்விஜியில் ஃபிலிமுக்குப் பதில் சென்சார், அதற்கு ஃபிலிமைவிடக் குறைவான கதிர் போதும். கதிரை அளப்பது சீவர்ட் கணக்கில், ஆயிரம் மைக்ரோசீவர்ட் சேர்ந்தால் ஒரு மில்லிசீவர்ட். ஒரு படத்துக்கு ஏறக்குறைய 5 மைக்ரோசீவர்ட், மெஷின் கொஞ்சம் பழையதாக இருந்தால் 10 என்று வைத்துக்கொள். மண், கல், காற்று, வானம் எல்லாம் சேர்ந்து உலகத்தில் ஒரு மனிதருக்குச் சராசரியாக வருசத்துக்கு 2.4 மில்லிசீவர்ட் கொடுக்கின்றன. நாளுக்குப் பிரித்தால் ஆறரை மைக்ரோசீவர்ட் வரும். அதாவது, சும்மா உட்கார்ந்திருந்தாலே ஒன்றிரண்டு நாளில் உன் உடம்பு வாங்குவதுதான் அந்த ஒரு படம்.

உன் பாட்டி வீட்டுக்குப் போனால் மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கறுப்பு மணலை அள்ளிப் பாவாடையில் கட்டிக்கொண்டு வருவாயே, நினைவிருக்கிறதா? அது மோனசைட் என்ற தாது கலந்த மணல், அதில் கதிர் வீசும் தோரியம் இருக்கிறது. நம் கரையில் இயற்கைக் கதிர்வீச்சு மற்ற ஊர்களைவிட அதிகம். நமக்கு வடக்கே கேரளத்தில் கருநாகப்பள்ளிக் கரையும் இப்படித்தான். அங்கே குடியிருக்கிறவர்களை வருசக்கணக்கில் பின்தொடர்ந்து 2009இல் வெளியிட்ட ஆய்வில், அந்தக் கதிரால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை. இதை வைத்துக் கதிர் நல்லது என்று நான் சொல்ல மாட்டேன். நீ பயப்படுகிற அளவு எவ்வளவு சின்னது என்று நம் ஊர் மண்ணை வைத்தே பார்த்துக்கொள்ளத்தான் சொன்னேன்.

அப்புறம் வயிற்றுப் பிள்ளை. கதிர் உன் கன்னத்தை நோக்கிக் குழாய் காட்டுகிற திசையில் போகிறது. வயிறு அந்த வழியில் இல்லை. உடம்புக்குள் சிதறி அங்கே எட்டுவது மிக மிகச் சொற்பம். கர்ப்பப்பைக்குப் போகிற கதிர் 50 மில்லிகிரேக்குக் (உடம்பு வாங்கும் கதிரை அளக்கும் இன்னொரு அலகு) கீழே இருந்தால் பிள்ளைக்கு ஊனமோ வளர்ச்சிக் குறைவோ கருக்கலைவோ வந்ததாகப் பதிவில்லை என்று அமெரிக்க மகப்பேறு மருத்துவர்களின் சங்கம் சொல்கிறது. பல் படத்தில் கர்ப்பப்பைக்குப் போவது அதில் ஆயிரத்தில் ஒரு பங்கைக்கூட எட்டாது.

நீ அனுப்பிய வீடியோவை இரண்டு முறை பார்த்தேன். அதில் சொல்கிற ஆய்வு இருப்பது உண்மைதான். 2004இல் வந்தது, வாஷிங்டன் மாநிலத்தில் எடுத்த கணக்கு. கர்ப்பத்தில் பல் எக்ஸ்ரே எடுத்துக்கொண்ட பெண்களுக்கு எடை குறைந்த பிள்ளைகள் கொஞ்சம் அதிகம் பிறந்ததாக வந்தது. ஆனால் கர்ப்பிணி எதற்காகப் பல் எக்ஸ்ரேக்குப் போகிறாள்? பல் கெட்டு, ஈறு சீழ் பிடித்த பிறகுதான். அந்தக் கிருமியே காரணமாக இருக்கலாமே என்று அப்போதே கேட்டார்கள், எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது. வீடியோக்காரர் அதைச் சொல்லாமல் விட்டுவிட்டார்.

ஈய ஏப்ரன் போடவில்லை என்பதுதான் உனக்குப் பெரிய சந்தேகம். நானும் ஆயுசு முழுக்க அதை மாட்டிவிட்டே பழகியவன். ஆனால் 2024இல் அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம், ஏப்ரனும் கழுத்துப் பட்டையும் இனி தேவையில்லை, கர்ப்பிணிக்கும்கூடத் தேவையில்லை என்று சொல்லிவிட்டது. உடம்புக்குள் சிதறுவதை ஏப்ரன் தடுக்காது. சில நேரம் அது படத்தை மறைத்து, இன்னொரு படம் எடுக்க வேண்டி வந்துவிடும். கொடுத்தால் மனசு நிம்மதிக்குப் போட்டுக்கொள். கொடுக்காததற்காக எழுந்து வராதே.

அதைவிட அந்த மாத்திரைதான் எனக்குக் கவலை. அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று இன்றைக்கே பார். இபுப்ரோஃபென் என்று இருந்தால் நிறுத்திவிட்டு, உன் பிரசவ டாக்டருக்குப் போன் செய்து சொல். 20 வாரத்துக்குப் பிறகு அது பிள்ளையின் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். எக்ஸ்ரேக்குப் பயந்து இதை விழுங்குவது ஆகாது மக்களே.

எல்லாப் படத்துக்கும் தலையாட்டு என்று சொல்லவில்லை. எந்தப் பல்லுக்கு, எதைத் தெரிந்துகொள்ள என்று கேள், அது உன் உரிமை. ஒரு பல்லுக்கு ஒரு ஆர்விஜி சரி. சும்மா ஒரு ஓபிஜியும் (தாடை முழுவதற்கும் எடுக்கும் படம்) எடுத்துவிடலாம் என்றால், இப்போது அவசியமா என்று கேள். சிபிசிடி (பல்லுக்கு எடுக்கும் முப்பரிமாண ஸ்கேன்) என்றால் இன்னும் அழுத்திக் கேள், மெஷினைப் பொறுத்து அது சில நூறு மைக்ரோசீவர்ட் வரைகூடப் போகும். இந்தப் பல்லுக்கு அது தேவைப்படாது என்றுதான் நினைக்கிறேன். மாப்பிள்ளை உதவிக்கு என்று சென்சாரைக் கையால் பிடிக்கக் கூடாது, வெளியே நிற்கட்டும். மெஷினுக்கு ஏஇஆர்பி (எக்ஸ்ரே மெஷின்களைக் கண்காணிக்கும் மத்திய அரசு வாரியம்) அனுமதி இருக்கிறதா என்றும் கேட்டுவிடு, ஒழுங்காக நடத்துகிறவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். நாளைக்குப் பிள்ளை வளர்ந்து பல் டாக்டரிடம் கூட்டிப்போகும் காலத்தில் இந்தக் கேள்விகளை இரண்டு மடங்கு கேள். குழந்தைத் திசு கதிருக்குச் சீக்கிரம் பாதிக்கப்படும்.

ஐந்தாம் மாதம் பல் வேலைக்கு நல்ல சமயம். இதைத் தாண்டிவிட்டால் அந்த நாற்காலியில் மல்லாந்து படுப்பதே உனக்குக் கஷ்டமாகிவிடும். நாளைக் காலையிலேயே போ. வாயைத் திறக்கச் சிரமமாக இருந்தாலோ, எச்சில் விழுங்கக் கஷ்டமாக இருந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ நாளை வரைக்கும் காத்திருக்காதே, இன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடு.

படம் எடுத்ததும் எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பு. அம்மாவுக்கு இந்தக் கடிதத்தைக் காட்டிவிட்டுத்தான் தபாலில் சேர்க்கப் போகிறேன், இதையே போட்டோ எடுத்து இப்போதே உனக்கு அனுப்புகிறேன். நாளைக்கு நான் எங்கும் போகவில்லை, போன் கையிலேயே இருக்கும்.

அன்புடன்,
அப்பா