வேகமான ஆட்டத்தைப் படம்பிடிக்க 4கே மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விளையாட்டுக் காட்சிகளை இணையத்துக்காகப் படம்பிடிக்க விரும்பும் இளைஞர்களுக்கு எந்த கேம்கார்டர் ஏற்றது என்பது குறித்துத் தங்கள் நாளிதழின் தொழில்நுட்பப் பக்கத்தில் வெளியான கட்டுரையைப் படித்தேன். விலை, எடை, ஜூம், 4கே என்னும் மிக நுணுக்கமான படத் தரம் ஆகியவற்றைத் தெளிவாக ஒப்பிட்டிருந்த அக்கட்டுரையில், வேகமான ஆட்டத்தைப் பதிவு செய்வோர் முதலில் பார்க்க வேண்டிய விவரம், அதாவது கேமரா வினாடிக்கு எத்தனை ஃபிரேம் (தனித்தனி நிலைப்படம்) எடுக்கிறது என்பது, ஓரிடத்திலும் இல்லை. எடுத்த காட்சியை எந்த மென்பொருளில் வெட்டித் தொகுப்பது என்பதும் பேசப்படவில்லை. தென் மாவட்டங்களில் நடக்கும் மின்னொளி கபடிப் போட்டிகளைப் பதிவு செய்து யூடியூபில் ஏற்றும் வேலையில் இருப்பவன் என்ற முறையில், இவ்விரண்டையும் சேர்த்து யோசித்த பிறகே பணத்தைச் செலவிட வேண்டும் என்பதை வலியுறுத்தவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

கபடியில் போனஸ் புள்ளியை எடுத்துக்கொள்வோம். எதிரணியில் ஆறு பேரோ அதற்கு மேலோ களத்தில் நிற்கும்போது, பாடிச் செல்லும் ரெய்டர் ஒரு காலைப் போனஸ் கோட்டுக்கு அப்பால் ஊன்றி, அதே கணத்தில் பின்னங்காலைத் தரையிலிருந்து தூக்கியிருந்தால் அவருக்கு ஒரு புள்ளி. பின்னங்கால் தரையில் பட்டுக்கொண்டிருந்ததா இல்லையா என்பதில்தான் சண்டையே வரும். வினாடிக்கு 25 ஃபிரேம் எடுக்கும் கேமராவில் ஒரு ஃபிரேமுக்கும் அடுத்த ஃபிரேமுக்கும் இடையே 0.04 வினாடி கழிந்துவிடுகிறது. 50 ஃபிரேம் என்றால் அந்த இடைவெளி பாதியாகிறது. அதோடு ஷட்டர் வேகமும், அதாவது ஒவ்வொரு ஃபிரேமுக்கும் கேமரா ஒளியை வாங்கும் நேரமும், சேர வேண்டும். வினாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் நகரும் ஒரு கால், ஷட்டர் 1/50 வினாடி திறந்திருக்கும்போது 10 சென்டிமீட்டர் நகர்ந்துவிடுவதால், பாதமும் கோடும் ஒன்றாகக் கலங்கித் தெரியும். 1/500இல் அது ஒரே ஒரு சென்டிமீட்டர்தான். கலங்கிய பாதத்தை 4கேயில் பார்த்தாலும் அது கலங்கிய பாதமாகவே இருக்கும்.

பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் 4கே என்ற எழுத்தை மட்டும் நம்பி வாங்கக் கூடாது என்பதற்கு நல்ல உதாரணம், நம் ஊர்களில் கல்யாண வீடியோ எடுப்பவர்கள் கையில் பரவலாகக் காணும் சோனியின் எஃப்டிஆர்-ஏஎக்ஸ்53. 20 மடங்கு ஆப்டிகல் ஜூமும் கை நடுக்கத்தைச் சமாளிக்கும் அருமையான அமைப்பும் கொண்ட அந்தக் கேமராவில், நம் நாட்டு மின்சாரத்துக்கு ஏற்ற முறையில் 4கே எடுத்தால் வினாடிக்கு 25 ஃபிரேம்தான் கிடைக்கும். 50 ஃபிரேம் வேண்டுமென்றால் 4கேயைவிட நுணுக்கம் குறைந்த ஃபுல் எச்டிக்கு இறங்கியாக வேண்டும். கபடிக்கு அப்படி இறங்குவதே சரி என்பது என் உறுதியான கருத்து. பெரும்பாலோர் கைப்பேசித் திரையில் பார்க்கும் ஆட்டத்துக்கு, 50 ஃபிரேம் ஃபுல் எச்டி தரும் தெளிவை 25 ஃபிரேம் 4கே தருவதில்லை. 4கேயிலேயே வினாடிக்கு 50 ஃபிரேம் எடுக்கும் கேம்கார்டர்களும் கடைகளில் உண்டு. ஆனால் விலை ஏறுகிறது, அவை எழுதும் கோப்பைத் திறக்கக் கணினிக்கும் தெம்பு வேண்டியிருக்கிறது.

கட்டுரையாளர் தொடாத இன்னொரு விஷயம் வெளிச்சம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் விளக்குகள் வினாடிக்கு 100 முறை மங்கி ஒளிர்கின்றன. கண்ணுக்குத் தெரியாத இந்தத் துடிப்பு, 30 அல்லது 60 ஃபிரேமில் அமைத்த கேமராவில் படத்தின் குறுக்கே ஓடும் கருமையான பட்டைகளாக விழுகிறது. கேமராவை 50 ஃபிரேமுக்கும் ஷட்டரை 1/50 அல்லது 1/100க்கும் மாற்றினால் பட்டைகள் பெரும்பாலும் அடங்கிவிடும். ஐபோனில்கூட அமைப்புகளுக்குள் சென்று பிஏஎல் (50 ஹெர்ட்ஸ் நாடுகளுக்கான வீடியோ முறை) வடிவங்களைக் காட்டச் சொன்னால்தான் 25 ஃபிரேம் தெரிவு கண்ணில் படும். விழாக் கமிட்டியார் விளக்குகளை ஜெனரேட்டரில் ஓட்டும்போது மின்சாரம் சரியாக 50 ஹெர்ட்ஸில் நிற்பதில்லை என்பதால், ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே ஒரு நிமிடம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்துவிடுவது நல்லது. ஆகவே பகல் ஆட்டத்துக்கு 1/500, இரவு ஆட்டத்துக்கு 1/100 என்பதே நடைமுறைக்கு ஒத்துவருகிறது. மெனுவில் ஆட்டோ ஸ்லோ ஷட்டர் என்று ஒன்று இருந்தால் அதை அணைத்துவிட வேண்டும். இருட்டில் அது தானாகவே ஷட்டரை மெதுவாக்கி, பிடியின்போது விழும் உடல்களை வெறும் புகையாக்கிவிடும்.

இரவு ஆட்டத்துக்கு ஜூமைவிட, ஒளியை வாங்கிப் படமாக்கும் சென்சாரின் அளவே முக்கியம். ஆண்கள் கபடிக் களம் 13 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் கொண்டது. பக்கத்து மேடையிலிருந்து எடுப்பவருக்கு 12 மடங்கு ஜூம் தாராளம். ஆகவே சிறிய சென்சாரும் 20 மடங்கு ஜூமும் உள்ள கேமராவைவிட, ஒரு அங்குல வகை சென்சாரும் 12 மடங்கு ஜூமும் உள்ள எஃப்டிஆர்-ஏஎக்ஸ்700 போன்ற கேமரா இங்கே கூடுதலாக உதவும். மாட்டுவண்டிப் பந்தயம் எடுப்பவருக்கு இந்தக் கணக்கு தலைகீழாகும்: அவருக்கு நீண்ட ஜூம் வேண்டும், வண்டியோடு கேமராவைத் திருப்பும்போது சாலையோர மின்கம்பங்கள் சாய்ந்து தெரிகின்றனவா என்றும் கடையிலேயே திருப்பிப் பார்த்துவிட வேண்டும்.

மென்பொருளைப் பொறுத்தவரை, கேமராவைப் போலவே அதையும் புகழ் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். மேசையில் இருக்கும் கணினிக்கு எது ஒத்துவரும் என்பதல்லவா முதல் கேள்வி? கேம்கார்டர்கள் எழுதும் எச்.264, எச்.265 என்னும் சுருக்க முறைக் கோப்புகளில் ஒவ்வொரு ஃபிரேமும் முழுப் படமாக இருப்பதில்லை. முந்தைய ஃபிரேமிலிருந்து என்ன மாறியது என்பதே பெரும்பாலும் பதிவாகிறது. அதனால் எடிட்டிங்கில் ஒரு ஃபிரேம் பின்னால் நகர்த்தினால்கூடக் கணினி பலவற்றைக் கணக்கிட்டாக வேண்டும். எச்.265இல் இந்தச் சுமை இன்னும் அதிகம். டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பே, முடித்த படத்தை 4கே அளவில் வினாடிக்கு 60 ஃபிரேம் வரை ஏற்றுமதி செய்ய விடுகிறது. ஆனால் அதற்கு நல்ல கிராபிக்ஸ் கார்டு தேவை. பழைய மடிக்கணினி வைத்திருப்பவர் ஷாட்கட் அல்லது கேடன்லைவை எடுத்துக்கொள்ளலாம். இரண்டும் இலவசம், திறந்த மூல மென்பொருள்கள். எதில் செய்தாலும், மூலக் கோப்புக்குப் பதிலாகச் சிறிய ப்ராக்ஸி கோப்பை வைத்து வெட்டிவிட்டு, ஏற்றுமதியின்போது மூலத்துக்குத் திரும்பும் பழக்கம் பாதி எரிச்சலைக் குறைக்கும்.

ரிசால்வில் புதியவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. காட்சிகளை வரிசையாகக் கோக்கும் டைம்லைனின் ஃபிரேம் வேகத்தை வேலையைத் தொடங்கும்போதே 50 என்று வைத்துவிட வேண்டும். காட்சிகளைக் கோத்த பிறகு அதை மாற்ற முடியாது. 25இல் தொடங்கிவிட்டால், கேமரா பாடுபட்டு எடுத்த ஃபிரேம்களில் பாதி வெளியேறிவிடும். பார்வையாளர் கைப்பேசியில் எடுத்த காட்சியைச் சேர்ப்பதானால், அதன் ஃபிரேம் வேகம் நிலையாக இருக்காது என்பதால் குரலும் படமும் விலகும். முதலில் ஹேண்ட்பிரேக் என்ற கோப்பு மாற்றும் மென்பொருளில் நிலையான வேகத்துக்கு மாற்றிக்கொள்வது பாதுகாப்பு.

ஸ்லோ மோஷன் குறித்தும் ஒரு வார்த்தை. 50 ஃபிரேமில் எடுத்ததை 25இல் ஓட்டினால் பாதி வேகம், 100இல் எடுத்ததை ஓட்டினால் கால்பங்கு வேகம். இவையெல்லாம் கேமரா உண்மையில் கண்ட ஃபிரேம்கள். அதற்கு மேலும் மெதுவாக்க, ஆப்டிகல் ஃப்ளோ என்ற முறையில் இடைப்பட்ட ஃபிரேம்களை மென்பொருளே கற்பனை செய்து கொடுக்கிறது. நாலைந்து பேரின் கை கால்கள் பின்னிக் கிடக்கும் ஒரு பிடியில் அப்படிச் செய்தால் விரல்கள் உருகி ஒட்டியதுபோல் தெரியும். அழகுக்காகச் செய்வதில் தவறில்லை. ஆனால் நடுவர் தீர்ப்பைக் கேள்வி கேட்கும் காட்சியில் அதைப் பயன்படுத்துவது நேர்மையாகாது.

யூடியூப் 2014 முதலே 60 ஃபிரேம் வரை ஏற்கிறது. ஃபுல் எச்டியில் சாதாரண ஃபிரேம் வேகத்துக்கு வினாடிக்கு 8 மெகாபிட்டும், அதிக ஃபிரேம் வேகத்துக்கு 12 மெகாபிட்டும் அது பரிந்துரைக்கும் அளவு. எல்லாமே அசையும் புழுதிக் களத்துக்கு அதைவிடக் கூட்டியே ஏற்ற வேண்டும் என்பேன். ஏனெனில் தளம் நம் கோப்பை மறுபடியும் சுருக்கும்போது முதலில் பாதிக்கப்படுவது வேகமாக அசையும் பகுதிகளே. மெமரி கார்டில் வீண் செலவு வேண்டாம்: 8 மெகாபிட் ஒரு மெகாபைட் என்பதால், வினாடிக்கு 100 மெகாபிட்டில் எழுதும் கேமராவுக்கு வினாடிக்கு 12.5 மெகாபைட் போதும், வி30 என்று குறித்த கார்டு 30 மெகாபைட்டுக்கு உறுதி தருகிறது.

தங்கள் அடுத்த ஒப்பீட்டில், 4கேயில் எத்தனை ஃபிரேம், ஃபுல் எச்டியில் எத்தனை ஃபிரேம், இடைவிடாமல் எவ்வளவு நேரம் பதிவாகும், கோப்பு எச்.264ஆ எச்.265ஆ, ஷட்டரைக் கையால் அமைக்க முடியுமா என்னும் விவரங்களையும் ஒவ்வொரு கேமராவுக்கும் எதிரே அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். 20 நிமிடப் பாதிகள் இரண்டு கொண்ட ஒரு கபடி ஆட்டத்தை எடுக்கப் போகிறவர், 30 நிமிடத்துக்கு முன்பே நின்றுவிடும் புகைப்படக் கேமராவை வாங்கிவிட்டுத் தவிக்காமல் இருக்க அது பயன்படும்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் வாசகர்,
தூத்துக்குடி மாவட்டம்.