குழந்தைகள் காப்பகத்தின் பதிவேடுகளை நேரில் ஆய்வு செய்யக் கோரி நான்காவது மனு

அனுப்புநர்: புதுவயல் வட்டாரப் பெற்றோர்கள் (கையொப்பங்கள் இணைப்பில்)
பெறுநர்: உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்

பொருள்: தனியார் குழந்தைகள் காப்பகத்தின் பதிவேடுகளையும் பாதுகாப்பு ஏற்பாடுகளையும் ஆய்வு செய்யக் கோருதல் - தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

இதற்கு முன் 3 மனுக்கள் கொடுத்திருக்கிறோம். மூன்றுக்கும் ரசீது இருக்கிறது, பதில் இல்லை. காப்பகத்தின் பெயரும் முகவரியும் அவற்றிலேயே இருப்பதால் இங்கே எழுதவில்லை. ஊருணிப் பக்கம் திரும்பியதும் வரும் பழைய வீடு என்றால் தங்களுக்கே தெரியும். ரோடு வேலையைப் பார்வையிட வந்தபோது தங்கள் ஜீப் அதன் வாசலில்தான் நின்றது.

1. 20 குழந்தைகளுக்கு ஓர் ஆசிரியர், ஓர் உதவியாளர் என்பது தேசிய குழந்தைகள் உரிமைகள் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டு நெறி. இங்கே 40 பிள்ளைகளுக்கு மொத்தம் 2 பேர்.

2. நம் வட்டாரத்து வீடுகளின் அமைப்பு தாங்கள் அறியாததல்ல. முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். அந்தப் பின்வாசல் பூட்டிக் கிடக்கிறது. பங்காளிகள் வழக்காம், சாவி யாரிடம் என்று யாருக்கும் தெரியாதாம். இரண்டாங்கட்டில் கேஸ் அடுப்பு எரிகிறது, அதையும் தாண்டி உள்ளே பிள்ளைகள் தூங்குகிறார்கள். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் சமையற்கூடத்தில் பற்றிய தீயில் 94 பிள்ளைகள் போனார்கள். அதற்கு மேல் என்ன எழுத?

3. இனி எழுதுவது என் சொந்த வேதனை. மற்ற பெற்றோர்கள் இதையே முதலில் எழுதச் சொன்னார்கள், எனக்குத்தான் கை வரவில்லை. என் மகளுக்கு 3 வயது. காய்ச்சல் கூடினால் வலிப்பு வரும். சேர்க்கும்போதே படிவத்தில் எழுதினேன்: "ஒருக்களித்துப் படுக்க வைக்கவும். வாயில் எதையும் வைக்க வேண்டாம். உடனே கூப்பிடவும்." நான் வேலை பார்க்கும் ஆலையின் இரைச்சலில் செல்போன் கேட்காது என்று அங்குள்ள எடைமேடை நம்பரையும் எழுதிக் கொடுத்தேன். போன மாதம் ஒருநாள் மதியம் பிள்ளைக்கு வலிப்பு வந்திருக்கிறது. ஆயா, பிள்ளையின் கையில் சாவிக்கொத்தைத் திணித்து, வாயில் கரண்டியை வைத்திருக்கிறார். உதடு கிழிந்து 2 தையல். அந்த அம்மாவை நான் குறை சொல்ல மாட்டேன். வேலைக்கு வந்து அப்போது நாலு நாள்தான் ஆகியிருந்தது, பிள்ளைக்கு இப்படி வரும் என்று யாரும் சொல்லவில்லை. எந்த நம்பருக்குக் கூப்பிடுவது என்றும் தெரியவில்லை. வழக்கம்போல 5 மணிக்குக் கூட்டிவரப் போனபோதுதான் எனக்கே தெரியும்.

மறுவாரம் படிவத்தைக் காட்டுங்கள் என்று கேட்டேன். முகப்பில் ஒரு சாக்கில் எல்லாப் படிவங்களும் கிடந்தன. என் மகளுடையதை நானே தேடி எடுத்தேன். பின்பக்கம் பால் கணக்கு எழுதியிருந்தது.

4. வருகைப் பதிவேட்டையும் பார்த்தேன். மாதம் முழுக்க ஒரே பேனா, ஒரே கையெழுத்து, ஒரே மூச்சில் போட்ட டிக். என் மகள் ஆஸ்பத்திரியில் படுத்திருந்த 3 நாளும் வந்ததாக இருக்கிறது! நாளைக்கு ஒரு தீ, ஒரு மழை, ஓடு சரிந்தது என்றால் உள்ளே எத்தனை பிள்ளை என்று எதை வைத்து எண்ணுவார்கள்? யார் வந்து கூட்டிப்போனார்கள் என்பதற்குக் கையெழுத்தே வாங்குவதில்லை. தாத்தா என்று சொல்லி யார் வந்தாலும் அனுப்பிவிடுவார்கள் போல.

5. நான் அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறவள். ஒரு லாரி நெல் உள்ளே வந்தால் வண்டி நம்பர், எடை, ஈரப்பதம், இறக்கியவர் கையெழுத்து எல்லாம் ஏறாமல் மூட்டை நகராது. ஒரு மூட்டை குறைந்தால் என் சம்பளத்தில் பிடிப்பார்கள். ஐயா, என் பிள்ளை ஒரு மூட்டை நெல்லுக்குக்கூடப் பெறாதா?

6. "ஆய்வு செய்யப்பட்டது, குறை ஏதுமில்லை" என்று எங்கள் செல்போனுக்கு ஒரு மெசேஜ் வந்தது. யார் வந்தார்கள்? எப்போது வந்தார்கள்? பூட்டிய கதவைத் தள்ளிப் பார்த்தார்களா? சாக்கைப் பிரித்தார்களா?

காப்பகத்தை மூடச் சொல்லவில்லை. மூடினால் எங்கள் பிழைப்பும் போச்சு. நாங்கள் கேட்பது இவ்வளவுதான்: ஒவ்வொரு பிள்ளையின் உடல்நிலைக் குறிப்பும் வீட்டு நம்பரும் ஆயா கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். வருகையை அன்றன்று காலையில் குறிக்க வேண்டும். கூட்டிப்போகிறவர் கையெழுத்துப் போட வேண்டும். பின்வாசல் திறக்க வேண்டும். முன்கூட்டிச் சொல்லாமல் ஓர் அலுவலரை அனுப்புங்கள். சொல்லிவிட்டு வந்தால் அன்றைக்குப் புது நோட்டு தயாராக இருக்கும்.

தயவுசெய்து அனுப்புங்கள் ஐயா. பதில் வராவிட்டால் வரும் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளுக்கு நாங்களே நேரில் வருகிறோம். பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டுதான் வருவோம். நம்பி விட்டுவர வேறு இடமில்லை.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஒரு தாயும் உடன் கையொப்பமிட்ட பெற்றோர்களும்

இணைப்பு: முந்தைய மனுக்களின் ரசீதுகள் 3, பால் கணக்கு எழுதிய படிவத்தின் நகல் 1